நல்லொழுக்கக் கதைகளும் நாலாம் மாடி எலியும்

பொய் சொன்ன பிள்ளைக்குக் கட்டாயம் காய்ச்சல் வரும், குருவிக்கூட்டைக் கலைத்த பெடியன் மரத்தால் விழுந்து காலை முறிப்பான் என்பதெல்லாம் எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே திட்டவட்டமாகத் தெரியும். கற்றுத் தந்தவர் இருநூறு வருசத்துக்கு முன் இங்கிலாந்தில் வாழ்ந்த பக்தியான ஓர் அம்மையார். ஊர்ப்பிள்ளைகளை எல்லாம் திருத்தியே தீருவதென்று கதை கதையாக எழுதி அச்சிட்டுவிட்டுப் போயிருந்தார். அவர் எழுதியதெல்லாம் சேர்ந்த மூன்று தடித்த புத்தகங்களைப் பெரியம்மா, நாங்கள் இருந்த டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் ஒரு பழைய சாமான் கடையில் கண்டெடுத்து, பைபிளுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. பூசை முடிந்ததும் என்னைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போவார். புட்டும் இறைச்சிக் கறியும் சாப்பிட்ட கையோடு கதை தொடங்கும். பெரியம்மா யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவர். டேனிஷ் அவரைப் பாடாய்ப் படுத்தும், ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்லுவார். பெரியப்பா சோபாவில் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டு படுத்திருப்பார். நித்திரை மட்டும் கொள்ளமாட்டார்.

அந்த வீட்டில் ஒரு பெயரை எடுக்கக்கூடாது. அவர்களுடைய ஒரே மகள், எனக்கு அக்கா, தகப்பன் சொல்லை மீறி ஒரு டேனிஷ்காரப் பெடியனைக் கட்டிக்கொண்டு ஒடென்சேக்குப் போய் ஒரு வருசமாகியிருந்தது. சின்ன வயதில் கோயிலில் முதல் நன்மை வாங்கிய அன்று வெள்ளைச் சட்டையோடு அவள் நின்ற படத்தைப் பெரியப்பா சுவரிலிருந்து கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டார். ஆணி மட்டும் அப்படியே இருந்தது. பெரியம்மா அதைப்பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. கதை மட்டும் வாசித்தார்.

அதுவும் நாலைந்து ஞாயிறாக ஒரே கதை. தகப்பன் சொல் கேளாமல் வீட்டைவிட்டுப் போன பெண்ணொருத்தி, பனி கொட்டுகிற நாளில் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறாள். "தேப்பன் ஓடிவந்து கதவைத் திறந்து, 'வா பிள்ளை, குளிருது, உள்ளுக்கு வா' எண்டாராம்" என்று பெரியம்மா முடிப்பார். சோபாவில் பேப்பர் அசையாது. எனக்கென்றால் அலுத்துச் சலித்துப்போனது.

பள்ளிக்கூடத்தில் நான் ஆங்கிலத்தில் புலி. ஒருநாள் அந்தப் புத்தகத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் என் பைக்குள் வைத்துக் கொண்டுபோய், ஒரு கிழமையாக அகராதியும் கையுமாக இருந்து அந்தக் கதையைக் கடைசிவரை வாசித்தேன். அடுத்த ஞாயிறு புத்தகத்தோடு போய் இறங்கினேன். பெரியம்மா தகப்பனைக் கதவடிக்குக் கூட்டிவந்தாரோ இல்லையோ, நான் பாய்ந்தேன்.

"பொய்! புத்தகத்தில அப்பிடி இல்லை. அவர் கதவைத் திறக்கேல்லை. அவள் வாசல்லயே செத்துப்போறாள்!"

பேப்பர் விலகியது. பெரியப்பா எழும்பி உட்கார்ந்து, "ஓமோ?" என்று என்னைக் கேட்டார். நான் பக்கத்தை விரித்து, விரல் வைத்து, வரி வரியாக வாசித்துக் காட்டினேன். "இப்ப விளங்குதே?" என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு, ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் சாத்திவிட்டுப் போன கதவைப் பெரியம்மா பார்த்தார். பிறகு என் தலையைத் தடவி, "என்ர குஞ்சு என்னமாதிரி இங்கிலீஷ் வாசிக்குது!" என்று சொல்லி இரண்டு பயித்தம் உருண்டை தந்தார். கண் கலங்கியிருந்தது. பிடிபட்டுப்போன வெட்கம் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறும் அதே கதை. பெண் வந்து கதவைத் தட்டினாள். அதற்குப் பிறகு தாளைக் காணவில்லை.

"எங்கை கடைசிப் பக்கம்?" என்றார் பெரியப்பா.

"எலி திண்டிட்டுது" என்றார் பெரியம்மா.

பெரியம்மா வீடு இருந்தது நாலாம் மாடியில். மூன்று புத்தகங்களில் ஒரேயொரு தாளைத் தேடிப்பிடித்து, கத்தரிக்கோலால் வெட்டினதுபோல நேராகத் தின்கிற எலி! நான் வாயைத் திறக்க, பெரியம்மாவின் கை என் முழங்காலை அழுத்தியது. பெரியப்பா புத்தகத்தை வாங்கி, வெட்டின இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"பொல்லாத எலி" என்று மட்டும் சொன்னார்.

அக்கா வந்து அந்தக் கதவைத் தட்ட இன்னும் மூன்று வருசம் எடுத்தது. திறந்தவர் பெரியப்பாதான். நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் அவள் முன்னமே வந்திருப்பாளோ என்று இன்றைக்கும் நெஞ்சு குறுகுறுக்கும்.

அன்றைக்கு எனக்கிருந்த கவலையெல்லாம் பெரியம்மாவின் ஆன்மாவைப் பற்றியதுதான். மாதம் ஒருமுறை தமிழ்ப் பூசை வைக்க வரும் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிட்டேன்.

"சுவாமி, என்ர பெரியம்மா பொய் சொல்லுறா. புத்தகத்தையும் வெட்டிப்போட்டா."

சுவாமியார் இருமினார், அல்லது சிரித்தார். "மற்றாக்களின்ர பாவத்தை விடு பிள்ளை. உன்ர பாவத்தைச் சொல்லு."

நான் கனநேரம் யோசித்துப் பார்த்தேன்.

"எனக்கு ஒண்டும் இல்லை, சுவாமி" என்றேன். "நான் உண்மை மட்டும்தான் சொன்னனான்."