கலைச்செல்வன் நடந்த கரை

எறையூர் ஆலைக்குக் கரும்பு வெட்டப் போகிறவர்களில் அமாவாசையைப் போல் பேசாமல் வேலை பார்ப்பவர் கிடையாது. அவருக்கும் பெரியம்மாளுக்கும் ஒரே பிள்ளை, கலைச்செல்வன். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்தவன். பெரம்பலூரில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான்.

2001ஆம் வருஷம் ஆயுத பூசை விடுமுறைக்கு, கூடப் படிக்கும் பாலாஜி, தமிழழகன் இருவரோடும் சேர்ந்து வாலிகண்டபுரத்துக்கு மேற்கே உள்ள பெரிய ஏரியைக் கரையோடு சுற்றி நடந்து, ஒரு ராத்திரி அங்கேயே தங்கிவிட்டு வரப் போவதாகச் சொன்னான். ஏரியில் என்ன இருக்கிறது என்று பெரியம்மாள் முனகினாள். மழை விட்டதும் தண்ணீருக்கு அந்தப் பக்கம் பச்சைமலை பளிச்சென்று தெரியும், அதைப் பார்க்கத்தான் என்றான். அமாவாசை பரணிலிருந்து தார்ப்பாயை இறக்கிக் கொடுத்தார். பையன் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினான்.

மறுநாள் மத்தியானம் அவர் கரும்பில் காய்ந்த சோகை உரித்துக்கொண்டிருந்தபோது ஆள் வந்தது. காலையில் முகம் கழுவப் போன பாலாஜி, செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளத்தில் சறுக்கி விழுந்துவிட்டான். மேலே தண்ணீர் நின்றதால் பள்ளம் இருப்பதே தெரியவில்லை. பாலாஜிக்கு நீச்சல் தெரியாது. தமிழழகனுக்கும் தெரியாது. கலைச்செல்வன் குதித்தான். பாலாஜியைக் கரைப் பக்கம் தள்ளிவிட்டான். தமிழழகன் துண்டை வீசி அவனை இழுத்துப் போட்டான். திரும்பிப் பார்த்தபோது கலைச்செல்வனைக் காணோம். கால் சேற்றில் புதைந்துவிட்டது என்று பிறகு முங்கி எடுத்தவர்கள் சொன்னார்கள்.

பிணம் வீட்டுக்கு வந்த அன்று பாலாஜி வாசலில் வந்து நின்றான். பெரியம்மாள் அவனை உள்ளே விடவில்லை. "நீ மட்டும் எப்புடிடா நடந்து வர?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவன் அப்படியே திரும்பிப் போனான்.

ஊர் அவளுக்கு ஆறுதல் சொன்னது. அமாவாசைக்கு யாராலும் சொல்ல முடியவில்லை. பையன் ஏழெட்டு வயதாக இருந்தபோது, இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி, கிணற்றில் இறக்கி, வயிற்றுக்கடியில் கை கொடுத்து நீச்சல் பழக்கியவர் அவர்தான். பெரியம்மாள் வேண்டாம் என்று கிணற்று மேட்டில் நின்று கத்தினாள். தண்ணீருக்குப் பயப்படக்கூடாது என்று அவர் சிரித்தார். காரியம் முடிந்த பிறகு ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்: "நீச்சல் தெரியாம இருந்திருந்தா அவனும் கரையிலதான் நின்னிருப்பான்." அவர் தட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த வருஷம் முழுக்க அந்த வார்த்தையோடுதான் வெட்டுக்குப் போனார், வந்தார்.

அடுத்த ஐப்பசியில் அவர் பஸ் ஏறி பெரம்பலூருக்குப் போய் பாலாஜி வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தார். அவரைக் கண்டதும், சண்டைக்கு வந்திருக்கிறார் என்று பாலாஜியின் அம்மா பயந்து மகனை மறைத்துக்கொண்டு நின்றாள். அமாவாசை செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"அன்னிக்கு நீங்க மூணு பேரும் நடந்த வழியில என்னைக் கூட்டிட்டுப் போப்பா. எம்புள்ள என்னென்ன பாத்தான்னு நானும் பாத்துட்டு வரேன்."

பாலாஜி அந்த ஒரு வருஷத்தில் பாதியாக இளைத்திருந்தான். படிப்பை நிறுத்தியிருந்தான். சரி என்று தலையை மட்டும் ஆட்டினான்.

தமிழழகனும் வந்து சேர்ந்துகொண்டான். மூவரும் காலையில் வாலிகண்டபுரத்தில் இறங்கி, ஏரிக்கரை ஏறி நடந்தார்கள். அந்த வருஷம் மழை கம்மி. தண்ணீர் கரையை விட்டுத் தள்ளியே கிடந்தது. ஒரு வேலமரம் வந்ததும் தமிழழகன் நின்று, இங்கேதான் கலையின் காலில் முள் ஏறியது, பின்னூசியால் அவனே எடுத்துக்கொண்டான் என்றான். அமாவாசை அந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து தரையைத் தடவினார். அதன் பிறகு பையன்களுக்கு வாய் திறந்தது. இந்தக் கல்லில் உட்கார்ந்து சீத்தாப்பழம் தின்றது, எல்லாரையும் கிண்டல் செய்தது, யாருக்கும் தெரியாமல் பீடி குடித்தது எல்லாம் வந்தது. பீடி என்றதும் தமிழழகன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அமாவாசை கோபப்படவில்லை. தன் பிள்ளையைப் பற்றி இவ்வளவு தனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறதே என்றுதான் அவர் மனம் கிடந்து தவித்தது.

கூடாரம் போட்ட மேட்டுக்கு வந்ததும் பாலாஜி தயங்கித் தயங்கிச் சொன்னான். "ஒரு பொண்ணு மேல அவனுக்கு ஆசைங்கப்பா. எங்க கிளாஸ்தான். வேலைக்குப் போனதும் மொதல்ல உங்ககிட்டதான் சொல்லணும்னு இருந்தான். அன்னிக்கு சாயங்காலம் பூரா அந்தப் பேச்சுதான்."

"பேரு என்னப்பா?"

"சிவரஞ்சனி."

அமாவாசை அந்தப் பேரை மெல்ல ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிணம் வந்த அன்றுகூட அழாத மனுஷர் அந்த மேட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

அங்கேயே கல் கூட்டிச் சோறு பொங்கினார்கள். அன்றும் அந்தக் கரையிலேயே தங்கினார்கள். விடிந்ததும் அமாவாசை பள்ளத்தின் ஓரமாக இறங்கி முழுக்குப் போட்டார். பாலாஜி தண்ணீர்ப் பக்கம் வராமல் தள்ளியே நின்றான். அமாவாசை ஈரத்தோடு ஏறி வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அவன் தள்ளிவிட்டுக் கரையேத்தின உசுருப்பா நீ. இப்புடி ஒடிஞ்சு போனா அவன் செஞ்சதுக்கு என்ன அர்த்தம்? படி. வேலைக்குப் போ."

நான் வீட்டுக்கு வரட்டுமா என்று பாலாஜி கேட்டான். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு அழைத்துப் போனார்.

பெரியம்மாள் அவனைக் கண்டதும் எழுந்து உள்ளே போகப் பார்த்தாள். பிறகு நிலைக்கதவைப் பிடித்தபடி, முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்.

"தண்ணி ரொம்பக் குளிரா இருந்துச்சா?"

பாலாஜி தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "இல்லம்மா. வெதுவெதுன்னுதான் இருந்துச்சு."

அது உண்மையா என்று அமாவாசை பிறகு ஒருநாளும் அவனிடம் கேட்கவில்லை. பெரியம்மாள் ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து அவன் எதிரே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்கு மேல் அவளிடமிருந்து எதுவும் வரவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

பாலாஜி படிப்பை முடித்தான். ஓசூரில் வேலை கிடைத்தது. ஒவ்வொரு ஐப்பசிக்கும் வந்து அமாவாசையோடு கரையில் நடந்துவிட்டுப் போனான். தமிழழகன் வெளிநாடு போன பிறகு இவர்கள் இரண்டு பேர்தான் நடந்தார்கள்.

2007 ஆவணியில் பாலாஜிக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்க அவனே வந்தான். பெரியம்மாள் மஞ்சள் தடவிய அந்த அட்டையை வாங்கிச் சாமி படத்தடியில் வைத்தாள். அமாவாசை கல்யாணத்துக்குக் கிளம்பிய அன்று, "நீங்க போயிட்டு வாங்க. அவன் நல்லா இருக்கட்டும். என்னால மாலையும் கழுத்துமா அவனைப் பாக்க முடியாது" என்றாள்.

அமாவாசை தனியாகப் போனார். மணமக்கள் அவர் காலில் விழுந்தார்கள். அட்சதை போட்டார், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார், மத்தியான பஸ்ஸில் ஊர் திரும்பினார். பொண்ணு எப்படி என்று பெரியம்மாள் கேட்டாள். நல்ல பொண்ணு, சிரித்த முகம் என்றார். அவள் எழுந்துபோய் தட்டெடுத்துச் சோறு போட்டுக் குழம்பு ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் என்று அவர் சொல்லவில்லை. அவள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, தட்டை இழுத்து மெல்லப் பிசையத் தொடங்கினார்.