குலசாமி குரூப்பில் போட்ட ஹால் டிக்கெட்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். நடந்தது என் மகளுக்கு. அவள் பட்டதை நான் எடுத்துச் சொல்வது சரியா என்று மனசு உறுத்தும். போன வாரம் அவளே, "எழுதும்மா, பேரு மட்டும் போடாத" என்றாள். அந்தத் தைரியத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

அவள் பிளஸ் டூ படித்த வருடம். ஓசூரில், ஜூஜுவாடி பக்கம் வாடகை வீடு. சொந்த ஊர் விருதுநகர் பக்கம். என் வீட்டுக்காரருக்குக் கம்பெனி வேலை கிடைத்து வந்தவர்கள், இங்கேயே தங்கிவிட்டோம். எங்கள் குலசாமியைக் கும்பிடுகிறவர்கள் எல்லாருமே இப்படித்தான், திருப்பூர், சென்னை, பெங்களூர் என்று சிதறிக் கிடக்கிறோம். நினைத்தவுடன் கோயிலுக்குப் போக முடிகிறதா? அதற்காகவே ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அர்ச்சனை வேண்டுமென்றால் பேரும் நட்சத்திரமும் அதில் போட்டுவிட வேண்டும். வெள்ளிக்கிழமை பூசாரி அம்மன் முன்னால் வாசித்து, தீபாராதனையை வீடியோ எடுத்து அனுப்புவார். நான் போனையே கண்ணில் ஒற்றிக்கொள்வேன்.

பரீட்சை நெருங்கிய சமயம், "இந்தத் தடவ ஹால் டிக்கெட்டையே அனுப்பிருவோம், அம்மன் காலடியில வெச்சு எடுக்கட்டும்" என்றார் வீட்டுக்காரர். எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது. பூசாரி அதைப் பிரிண்ட் போட்டு, குங்குமம் வைத்து, அம்மன் பாதத்தில் வைத்துப் படம் அனுப்பினார். பார்த்து இரண்டு பேருக்குமே கண் கலங்கிவிட்டது. அதில் இருக்கிற பதிவு எண்ணும் பிறந்த தேதியும் போதும், யார் வேண்டுமானாலும் அவள் மார்க்கைப் பார்த்துவிடலாம் என்பது எங்கள் புத்திக்கு எட்டவே இல்லை.

ரிசல்ட் வந்த அன்று காலை அவர் முதல் ஷிப்டுக்குப் போயிருந்தார். குளித்து, சாமிக்கு விளக்கேற்றிவிட்டுப் பார்க்கலாம் என்று மகள் குளியலறைக்குப் போனாள். அதற்குள் என் போன் விடாமல் அடித்துக்கொண்டது. திருப்பூரில் இருக்கும் கொழுந்தன் முறை ஒருவர், நம்ம வீட்டுப் பிள்ளை ஆயிற்றே, முதல் வாழ்த்து நம்முடையதாக இருக்கட்டும் என்ற ஆசையில் அவரே நம்பரைப் போட்டுப் பார்த்திருக்கிறார். மேலே இருந்த தமிழ் மார்க்கைக் கண்ட சந்தோஷத்தில், கீழே கணக்கில் ஃபெயில் என்று இருந்ததைக் கவனிக்கவில்லை. அப்படியே படம் பிடித்து, "வாழ்த்துகள் மகளே" என்று பூங்கொத்தோடு குரூப்பில் போட்டுவிட்டார்.

பிறகு கேட்க வேண்டுமா? "கணக்கு போச்சேப்பா." "அழாத தாயி, அம்மன் இருக்கா." "ஓசூர்ல கம்பெனிக்கா பஞ்சம், சேத்து விடுங்க மச்சான். இல்லாட்டி மாப்பிள்ளையப் பாருங்க." யாரும் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. எல்லாம் பாசம்தான்.

ஈரத் தலையோடு வந்தவள் என் கையிலிருந்து போனை வாங்கினாள். தன் மார்க்கை அவள் முதலில் பார்த்தது அந்தக் குரூப்பில்தான். பார்த்துவிட்டு போனை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். தண்ணீர் கொடுக்கலாம் என்று அடுப்படிக்குப் போனேன். கேட் சத்தம் கேட்டது. வந்து பார்த்தால் ஆள் இல்லை. அவள் போன் கட்டிலில் கிடந்தது, செருப்பு வாசலில் கிடந்தது.

எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஹைவே. பெங்களூர் லாரிகள் எப்படிப் போகும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெருத்தெருவாக ஓடினேன். "தாயே, எனக்கு மார்க்கும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், பிள்ளையக் குடு" என்று வாய்விட்டே கேட்டேன்.

அப்போது தெரியாத நம்பரிலிருந்து ஒரு பெண் குரல். "அக்கா, பாப்பாவோட அம்மாவா? பயப்படாதீங்க. பஸ் ஸ்டாப்புல எங்கூடத்தான் குந்தினு இருக்குது. மெதுவா வாங்க."

போய்ப் பார்த்தால், கம்பெனி யூனிபாரம் போட்ட ஒரு பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவள் டிபன் டப்பா என் மகள் மடியில் இருந்தது. மகள் சித்ரான்னம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், கண்ணீர் வழிய வழிய. செருப்பில்லாமல் ரோட்டோரம் நின்றவளைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்திருக்கிறாள் அந்தப் பெண். அதற்குள் அவளுடைய கம்பெனி பஸ்ஸும் போய்விட்டது.

"எல்லாத்தையும் சொல்லிட்டாளாம்மா?" என்று கேட்டேன்.

"நான் எதும் கேக்கலக்கா. அழுவுற புள்ளைய என்னா ஏதுன்னு கொடையறதா? சாப்டறியான்னு கேட்டேன். உங்க நம்பரக் கேட்டேன். உப்பு கம்மின்னு சொல்லுச்சு. அப்பவே எனக்கு உசுரு வந்துச்சு."

என் மகள் லேசாகச் சிரித்தாள். இந்தப் பெண்ணுக்கு என்ன கைம்மாறு செய்வது? இவள் பேரில் ஒரு அர்ச்சனை செய்யச் சொல்லலாம் என்று போனை எடுத்துப் படம் பிடிக்கப் போனேன். சட்டென்று உள்ளங்கையால் கேமராவை மறைத்தாள்.

"வேணாங்க்கா. பாப்பா மூஞ்சியும் சேந்து வரும். அதக் கேக்காம எதுக்கு?"

நான் மகளைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். போனை இடுப்பில் செருகிவிட்டேன்.

"அப்ப உன் பேராவது சொல்லும்மா, அர்ச்சனைக்கு."

"அம்மனுக்குத் தெரியாத பேரா?" என்று சிரித்தபடி, டப்பாவை வாங்கிக்கொண்டு ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். அப்புறம் அவளை நான் பார்க்கவே இல்லை.

விஷயம் தெரிந்து வந்த வீட்டுக்காரர் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, வெகுநேரம் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். குரூப்பில் எல்லாரிடமும் அந்தப் படத்தை அழிக்கச் சொன்னோம், அழித்தார்கள். ஆனால் அதற்குள் அது வேறு எந்தெந்தக் குரூப்புக்குப் போனதோ, யார் கண்டது? ஒருத்தர் விவரத்தைக் கேட்காமல் வெளியில் போட்டால் அதற்கெல்லாம் சட்டம் வந்திருக்கிறது என்று அவருடைய சூப்பர்வைசர் சொன்னாராம். இருக்கட்டும். ஹால் டிக்கெட்டை முதலில் போட்டது பெத்தவர்களே ஆச்சே, யார் மேல் புகார் கொடுப்பது?

மகள் அந்தப் பாடத்தைத் திரும்ப எழுதினாள். அந்த ரிசல்ட் வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் அறைக்கு வெளியிலேயே நின்றோம். அவளே பார்த்தாள், அவளே கதவைத் திறந்து வந்து சொன்னாள். இப்போது பர்கூர் பக்கம் காலேஜில் படிக்கிறாள்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். கூட்டியும் வேண்டாம், குறைத்தும் வேண்டாம், இருக்கிறபடியே சொல்லுங்கள். எந்த வீட்டுப் பெண் என்று மட்டும் தேட வேண்டாம். நாம் பெற்ற பிள்ளையே ஆனாலும், அதன் சந்தோஷமும் துக்கமும் முதலில் அந்தப் பிள்ளைக்குத்தான் சொந்தம் என்பதை, இன்று வரைக்கும் விளக்கேற்றும்போதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.