அக்கா வீட்டுக்குப் போகும் மேல்தெரு

என் அம்மாவும் அவள் அம்மாவும் அக்கா தங்கை பெற்ற பிள்ளைகள். அந்தக் கணக்கில் அவள் எனக்குத் தங்கச்சி முறை. ஆனாலும் வார்டக்கா என்றுதான் சொல்வேன், எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். பெற்றவர்கள் வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே சட்டென்று திரும்பிப் பார்க்கமாட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு ஆயாவாகச் சேர்ந்து தலை நரைக்கிறவரைக்கும் அங்கேயே இருந்தாள். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைக் குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, விரிப்பு மாற்றுவது, இதுதான் வேலை. அவள் விரித்த படுக்கையில் சுருக்கம் என்பதே இருக்காது. கட்டில் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். கல்யாணமும் நடந்தது. அந்த ஆள் இரண்டு வருஷத்தில் வேறு வழி பார்த்துக்கொண்டு போய்விட்டான், அவனைப் பற்றிப் பேச எனக்கு நேரமில்லை. அவளுக்குக் கூடப் பிறந்தது ஒரே ஒரு அக்கா. அக்கா புருஷன் பஸ் டிரைவர். அவர்களுக்கு ஒரே மகன், அவனும் எங்கேயோ தூரதேசத்தில் வேலை என்று போய் உட்கார்ந்துகொண்டான். அதனால் அக்காவும் தங்கச்சியும் கடைசிக் காலத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று தீர்மானம் பண்ணினார்கள். அம்மா விட்டுப்போன வீட்டை விற்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மேல்தெருக் குடியிருப்பு வந்தது.

அது புதுமாதிரி யோசனை. மூன்று கட்டடம், ஓரத்தில் இரண்டு, நடுவில் ஒன்று. மூன்றையும் மூன்றாவது மாடியில் கோத்துக்கொண்டு ஆகாயத்திலேயே ஒரு தெரு போகும். பேருக்குத் தெரு இல்லை, நிஜத் தெரு. கூரை போட்டு, பெஞ்சு போட்டு, மளிகைக் கடை, டாக்டர் அறை எல்லாம் அதிலேயே. நடுக்கட்டடத்தில் ஒரே ஒரு பெரிய லிஃப்ட், கட்டிலையே உருட்டி ஏற்றலாம். மேல்தெரு இருக்கும்போது மற்ற இரண்டு கட்டடத்துக்கும் தனி லிஃப்ட் எதற்கு? உட்கார்ந்து பேசத் தெரு இருக்கும்போது வீட்டில் ஹால் எதற்கு? அதனால் வீடுகளை ஒரு அறை, ஒரு சமையலறை என்று சின்னதாய்க் கட்டினார்கள். கட்டுகிற கம்பெனியின் ஆபீஸ் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இதற்கு ஒரு பொம்மை வைத்திருந்தார்கள். மேல்தெருவில் நகத்தளவு பெண்பிள்ளை ஒருத்தி பையை மாட்டிக்கொண்டு நடந்துபோவாள். வார்டக்கா அதைப் பார்த்துவிட்டு அக்காவிடம், அது நான்தான், உன் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறேன் என்றாளாம்.

குலுக்கல் போட்டதில் தங்கச்சிக்கு இடது கட்டடம், அக்காவுக்கு வலது கட்டடம். இரண்டும் மூன்றாவது மாடி, இரண்டும் தெருமுனை வீடு. மேல்தெரு வந்துவிட்டால் எல்லாம் ஒரே வீடுதானே என்று விற்றவர்கள் சொன்னார்கள். இவர்களும் சரியென்று குடிபோனார்கள்.

ஓரத்துக் கட்டடங்கள் இரண்டும் எழுந்தன. நடுக்கட்டடத்துக்குப் பள்ளம் தோண்டினார்கள், அதோடு சரி. மழைத்தண்ணீர் தேங்கித் தவளைகள் குடிவந்தன. மேல்தெரு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் நீட்டிக்கொண்டு, துருப்பிடித்த கம்பிகளோடு அந்தரத்தில் நின்றுவிட்டது. கதவைத் திறந்தால் ஒருவரை ஒருவர் பார்க்கலாம். உரக்கப் பேசினால் கேட்கும். போகவேண்டுமென்றால் மூன்று மாடி இறங்கி, பள்ளத்தைச் சுற்றி, மூன்று மாடி ஏறவேண்டும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அக்காவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. நாற்காலியில் வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள், நாலு பேர் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். அதற்கப்புறம் அவள் கீழே வரவேயில்லை. கை கால் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்கு வரச்சொன்னார்கள், யார் தினமும் தூக்குவது? வார்டக்காதான் காலையிலும் சாயங்காலமும் போய்க் குளிப்பாட்டி, துணி மாற்றி, புரட்டிவிட்டு வருவாள். அங்கேயே தங்கிப் பார்த்தாள். படுக்க சமையலறைதான் இடம், கால் வாசல்படிக்கு வெளியே கிடக்கும். மூன்றாம் நாளே டிரைவர் மாப்பிள்ளை அவள் காலில் தடுக்கி விழுந்து நெற்றியைப் புடைக்க வைத்துக்கொண்டார். "இவ்வளவு வருஷம் பஸ் ஓட்டுனேன், ஒரு ஆக்சிடென்ட் கிடையாது. உன் கால்லதான் மோதணும்னு இருந்திருக்கு" என்றார். திரும்பி வந்துவிட்டாள். அப்போதே அவளுக்கு முழங்கால் சரியில்லை. படி இறங்கும்போது பக்கவாட்டில்தான் இறங்குவாள், சுவரைப் பிடித்துக்கொண்டு.

குடியிருப்பவர்கள் சங்கம் வைத்தார்கள். வாட்ச் ரிப்பேர் கடைக்காரர் ஒருவர் செயலாளர். தன்மையான மனுஷர், கூட்டத்தில்கூடக் காதோடு காதாகத்தான் பேசுவார். சனிக்கிழமை தோறும் கம்பெனி ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தார்கள். ‘எங்கள் தெருவைக் கொடு’ என்று அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டார்கள். கம்பெனிக்காரன் சண்டைக்கு வந்திருந்தால் தேவலை. அவன் நாற்காலி போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தான். இவர்கள் சாயங்காலம் நாற்காலியை மடக்கி உள்ளே வைத்துவிட்டு நன்றி சொல்லிவிட்டு வந்தார்கள். போராட்டத்துக்குப் போனீர்களா, பெண் பார்க்கப் போனீர்களா என்று டிரைவர் மாப்பிள்ளை கேட்பார்.

கம்பெனி மேனேஜர் ஒரு தம்பி. எதைக் கேட்டாலும் ஆயிடும் என்பான். நடுக்கட்டடம்? ஆயிடும்மா. லிஃப்ட்? அதுவும் ஆயிடும். அவனுக்கு ஆயிடும் என்றே பேர் வைத்துவிட்டார்கள். அந்தப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் ஆயிடும் வருது என்று பிள்ளைகள் ஓடும்.

இப்படியே போய், கடைசியில் சங்கம் அரசாங்கத்துக்கு மனுப் போட்டது. ஒரு அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், மேல்தெரு இல்லாமல் ஜனங்கள் எவ்வளவு சிரமப்படுகிறார்கள் என்று எழுதுவார், எழுதினால் கம்பெனி கட்டித்தான் ஆகவேண்டும் என்று பதில் வந்தது. அன்றைக்கு வார்டக்கா முகத்தைப் பார்க்கவேண்டுமே. அக்காவை முதலில் லிஃப்டில் இறக்கிப் பயிற்சிக்குக் கூட்டிப்போவேன், ஆறு மாசத்தில் கையையாவது அசைக்க வைப்பேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் அவள் சும்மா இருக்கவில்லை. அவளுக்கு அது பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிற நாள் மாதிரி. ஆஸ்பத்திரியில் அந்த நாளில் உடைந்த கட்டிலைத் திரைக்குப் பின்னால் தள்ளுவார்கள், நோயாளிகளுக்குத் தலை சீவி உட்காரவைப்பார்கள். இத்தனை வருஷமும் அவள் கை அதைத்தான் செய்திருக்கிறது. இரண்டு கட்டடத்துப் பெண்களையும் கூட்டி மாடிப்படி முழுக்கக் கழுவவைத்தாள். மேல்தெரு முனையில் கொட்டிக்கிடந்த சிமெண்டுக் கட்டிகளை அள்ளச் சொன்னாள். குத்திக்கொண்டு நின்ற கம்பிகளை மறைத்துப் பூந்தொட்டி வரிசை வைத்தாள். நடுவில் ஒரு மேஜை, அதன்மேல் சுருக்கமில்லாத வெள்ளை விரிப்பு, இரண்டு நாற்காலி.

வாட்ச்காரருக்கு மட்டும் மனசில் ஏதோ உறுத்தியிருக்கிறது. இருக்கிறபடி இருந்தால்தான் என்ன என்று இழுத்திருக்கிறார்.

"அசிங்கமாக் கிடக்கற எடத்துல யாரும் நிக்கமாட்டாங்கய்யா" என்றாள் வார்டக்கா. "சுத்தமா இருக்கற நோயாளியைத்தான் டாக்டர் ரெண்டு நிமிஷம் கூட நின்னு பார்ப்பாரு. நாறுனா, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருவாரு. நான் கண்ணால பார்த்திருக்கேன்."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. வாட்ச்காரரும் ஒரு விளக்குமாறை எடுத்துக்கொண்டார்.

அதிகாரி வந்தார். வயசானவர், நல்ல மாதிரி. அவரை நாற்காலியில் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். காற்று நன்றாக வருகிறதே என்றார். அப்புறம் எதிர்க்கட்டடம் பார்க்கவேண்டும் என்றார். வழிகாட்ட வார்டக்காவே முன்னால் நடந்தாள். வந்தவர் முன்னால் நொண்டுவது மரியாதை இல்லை என்று நினைத்தாளோ என்னவோ, அன்றைக்குச் சுவரைப் பிடிக்கவில்லை, பக்கவாட்டில் இறங்கவில்லை. நிமிர்ந்து, பேசிக்கொண்டே மூன்று மாடி இறங்கினாள், மூன்று மாடி ஏறினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அதிகாரிக்கு மூச்சு வாங்கியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தினமும் எப்படிம்மா ஏறி எறங்கறீங்க?"

"பழகிருச்சு சார்" என்றாள் இவள். "நீங்க மெதுவா வாங்க."

உள்ளே அக்கா குளித்து, தலை சீவி, தலையணை அண்டக் கொடுத்து மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். அறையில் மருந்து வாசனைகூட இல்லை. அதிகாரி கும்பிட்டார், அக்கா இடது கையைத் தூக்கினாள். நல்லா வச்சிருக்கீங்க, எல்லாமே நல்லா வச்சிருக்கீங்க என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் வார்டக்கா எனக்குப் போன் பண்ணி, ரொம்ப நல்ல மனுஷர், நம்ம கஷ்டத்தைப் புரிந்துகொண்டார் என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு தெம்பை நான் வெகுநாள் கேட்டதில்லை.

அரசாங்க உத்தரவு வந்தபோது வாட்ச்காரர்தான் படித்துச் சொன்னார். இரண்டு கட்டடமும் சிறப்பாகப் பராமரிக்கப்படுகிறது. மாடி ஏறுவது குடியிருப்பவர்களுக்குப் பழகிவிட்டது. மேல்தெரு முனைகளைக் காற்று வாங்கும் இடமாக அவர்களே பயன்படுத்துகிறார்கள். ஆகையால் முனைகளுக்குப் பாதுகாப்பாகத் தடுப்புக் கம்பி போட்டுக் கொடுத்தால் போதும், மீதியைக் கம்பெனி வசதிப்பட்டபோது கட்டலாம். இவ்வளவுதான். அவர் ஒரு தடவைக்கு மேல் படிக்கவில்லை, யாரும் படிக்கச் சொல்லவும் இல்லை.

இத்தனை வருஷம் ஒரு செங்கல்லை நகர்த்தாத கம்பெனி, தடுப்புக் கம்பியை ஒரே நாளில் போட்டு முடித்தது. வெல்டிங்காரனோடு ஆயிடும் தம்பியே வந்து நின்றான். பச்சைப் பெயிண்ட் அடித்தார்கள். போகும்போது அவன் வார்டக்காவிடம் வந்து, "ஆயிடுச்சும்மா" என்றான். குத்திக் காட்டியதாகத் தெரியவில்லை, பாவம், அவன் வாய்க்கு முதல் தடவையாக அந்த வார்த்தை கிடைத்த சந்தோஷம்.

அதற்கப்புறம் சில பேர் மாடிப்படியில் அவளைப் பார்த்தால் பேசாமல் ஒதுங்கிப் போனார்கள். எல்லாருந்தானே கூட்டினோம், எல்லாருந்தானே தொட்டி தூக்கி வைத்தோம் என்று வாட்ச்காரர் பரிந்து பேசினார். அவள் என்னிடம் சொன்னது இதுதான். "வீட்டுக்கு வந்த மனுஷன் மூச்சு வாங்கி நிக்கறாரு. அவரைப் பார்த்து, நானும் செத்துக்கிட்டுதான் ஏறறேன்னு சொல்லவா முடியும்? வாயில வரலைண்ணே." என் வாயிலும் வந்திருக்காது.

மறுபடி மனுப் போட்டார்கள். முதலில் வந்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். புதுசாக வந்தவர், ஒரு தடவை பார்த்ததை எதற்கு இன்னொரு தடவை பார்ப்பது என்கிறாராம். சனிக்கிழமை உட்கார ஆள் குறைந்துவிட்டது. இப்போது நாற்காலியும் போடுவதில்லை. கண்ணாடிப் பெட்டியில் வேறு ஊர்க் கட்டடத்தின் பொம்மை வந்துவிட்டதாம்.

மழைக்காலம் முடிகிற சமயம் வார்டக்காவின் இடது முழங்கால் மடங்காமல் நின்றுவிட்டது. எலும்பு டாக்டர், படி என்கிற பேச்சே கூடாது என்று சொல்லிவிட்டார். வாட்ச்காரர் ஆள் கூட்டித் தூக்கிக்கொண்டு போய் அக்கா வீட்டில் விடுகிறேன் என்றார். அங்கே போய் நானும் தரையில் படுத்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தால் மாமா யாரைப் பார்ப்பார் என்று மறுத்துவிட்டாள். அவள் சொல்வதும் சரிதான். ஒரு அறையில் எத்தனை நோயாளி?

நான் போய்ப் பார்த்தது அதற்கப்புறம். படி ஏறி எனக்கே நெஞ்சு அடைத்தது. அவள் மேல்தெரு முனையில், பச்சைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே டிரைவர் மாப்பிள்ளை கதவைத் திறந்து, கட்டிலைக் கதவுக்கு நேராகத் திருப்பி வைத்திருந்தார். இங்கிருந்து இவள் சொல்லச் சொல்ல அங்கே அவர் புரட்டவேண்டும். தினமும் இப்படித்தானாம்.

"மாமா, தோளைப் பிடிக்காதீங்க. இடுப்புக்கு அடியில கை குடுங்க."

"குடுத்துட்டேன்."

"அது இடுப்பு இல்ல. இன்னும் கீழ. முட்டியை மடக்கிவிட்டு, உங்க பக்கமா இழுங்க."

"ரிவர்ஸ்லயா?"

"விளையாடாதீங்க மாமா. முதுகுல பாருங்க, படுக்கைப் புண்ணு வர்ற மாதிரி செவந்திருக்கா?"

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார். கொஞ்சம் செவந்த மாதிரிதான் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது, வெளிச்சம் பத்தவில்லை என்றார். எவ்வளவு பெரிசு, தோல் உரிந்திருக்கிறதா, தொட்டால் சூடாக இருக்கிறதா என்று இவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அதில் சாய்ந்து நின்றுவிட்டாள். இவள் கை இரண்டும் தன்னாலே அந்தரத்தில் புரட்டுகிற மாதிரி அசைந்துகொண்டிருந்தது. அவர் எதற்கும் திடமாய்ப் பதில் சொல்லவில்லை, பாவம், அவருக்கு அதெல்லாம் என்ன தெரியும்?

அப்போது அக்கா ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது எங்களுக்குத் தெரிந்தது. பக்கவாதத்துக்கப்புறம் அவள் குரல் அந்தக் கட்டிலைத் தாண்டாது.

"என்ன மாமா சொல்றா?"

அவர் அவள் வாயருகே காதை வைத்துக் கேட்டார். அப்புறம் எங்களைப் பார்த்தார்.

"கதவைச் சாத்தச் சொல்றா. குளிருதாம்."

சாத்துங்க என்றாள் வார்டக்கா. அவர் கட்டிலை உள்ளே தள்ளிக்கொண்டு கதவைச் சாத்தினார்.