தலைவரின் மைக்கை இறக்கிய நாள்

அன்று ஹாலில் இருந்தவர்கள்: மேடையில் சிறுதொழில் முதலாளிகள் சங்கத்தின் தலைவர் கிருஷ்ணப்பா, குடிநீர்த் துறை அதிகாரி ஒருவர், ஒரு பேராசிரியர், டேங்கர் லாரி முதலாளி முனிராஜு. நடுவில் மாடரேட்டர் வசந்தி மேடம். கீழே நூற்றுப் பன்னிரண்டு பேர். எண்ணியது நான்தான், இரண்டு தடவை. கடைசி வரிசையில் எங்கள் ஈவெண்ட் கம்பெனி முதலாளி ரமேஷ் சார். சவுண்ட் மேஜையில் நான். என் சட்டைப் பையில் ஒரு பேப்பர் இருந்தது. அதில் இருக்க வேண்டிய கையெழுத்து இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வீடு ஆஸ்டின் டவுன். மைக் ஒயர் இழுக்கும் வேலையில் ஆரம்பித்து, இப்போது கான்ஃபரன்ஸுக்குப் பேச்சாளர், மாடரேட்டர் ஏற்பாடு செய்கிறேன். எனக்கு எல்லாவற்றிலும் பயம். ஜெனரேட்டர் நின்றுவிடுமோ, அமைச்சர் வராமல் போவாரோ, வந்துவிடுவாரோ. பயத்தால் நான் செய்த ஒரு தப்பைத்தான் சொல்லப் போகிறேன்.

1. ஆள் தேடியது

அதற்கு முந்தைய வருடம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தலைவரின் அக்கா மகனே மேடையை நடத்தினார். தலைவர் ஐம்பது நிமிடம் பேசினார். அதிகாரி வாயே திறக்காமல் வாட்சைப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனார். கோடையில் டேங்கர் தண்ணீருக்கு என்ன ரேட் என்று கேட்க வந்தவர்கள், சாப்பிட்டுவிட்டுத் திட்டிக்கொண்டே போனார்கள்.

ரமேஷ் சார் என்னைக் கூப்பிட்டார். "இந்த வருஷமும் சொதப்புச்சுன்னா காண்ட்ராக்ட் போச்சு சேவியர். காண்ட்ராக்ட் போச்சுன்னா நீயும் போவ. இப்பவே சொல்லிட்டேன்."

காம்பியர் வேறு, மாடரேட்டர் வேறு. காம்பியர் பேரைப் படிப்பார், பூங்கொத்து கொடுக்கச் சொல்வார். மாடரேட்டர் பதிலை வாங்க வேண்டும், பேச்சை நிறுத்த வேண்டும். மூன்று பேருக்கு போன் போட்டேன். முதல் ஆள் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். இரண்டாவது ஆள், மேடைத் திரை என்ன கலர் என்று கேட்டார். மூன்றாவது வசந்தி மேடம், அல்சூர்க்காரர். என் பயத்தையெல்லாம் ஆறு நிமிடம் கொட்டினேன்.

"சேவியர், ஒரு நிமிஷம். கூட்டம் முடிஞ்சு போறவங்க கையில என்ன இருக்கணும்?"

"சாப்பாட்டுக் கூப்பன் மேடம்."

"அது இல்லைங்க. என்ன தெரிஞ்சுக்கிட்டுப் போகணும்?"

"டேங்கர் ரேட்டு மேடம்."

"அத மட்டும் ஒரு வரியில எழுதி அனுப்புங்க. மீதிய நான் பாத்துக்கிறேன்."

என் வாயையே இவ்வளவு மரியாதையாக அடைத்தவர் யாருடைய வாயையும் அடைப்பார் என்று நினைத்தேன். ஃபீஸ் நாற்பதாயிரம், பாதி அட்வான்ஸ். கூடவே மேடம் எழுதிய ஒரு பக்க நிபந்தனை வந்தது. ஆளுக்கு நான்கு நிமிடம். தாண்டினால் ஒரு தடவை சொல்வேன். அப்புறமும் பேசினால் மைக்கை இறக்கச் சொல்வேன். பணம் கொடுக்கிறவருக்கும் இது பொருந்தும். அவர் இதைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

2. கையெழுத்து

பணம் கொடுக்கிறவர் தலைவர்தான். பேப்பரோடு அவர் ஆபீசுக்கு மூன்று தடவை போனேன். முதல் தடவை அவர் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். திரும்பிவிட்டேன். இரண்டாம் தடவை எனக்குத் தன் கையாலேயே காபி ஊற்றிக் கொடுத்தார். காபி குடித்துவிட்டு, நீங்கள் அதிகம் பேசுவீர்கள் என்று எப்படிச் சொல்வது? மூன்றாம் தடவை அவரே கேட்டார்.

"ஏனப்பா சேவியர், மூஞ்சியெல்லாம் வேர்க்குது. ஏதாச்சும் கேக்கணுமா?"

"லஞ்சுக்குப் பாயசமா ஜாமூனா சார்?"

"பாயசம் பேடா, வேணாம். ஜாமூனே போடு."

வெளியே வந்து வசந்தி மேடத்துக்கு போன் போட்டேன். "தலைவர் சரின்னுட்டார் மேடம்" என்றேன்.

"கையெழுத்து?"

"போட்டுட்டார் மேடம்."

ரமேஷ் சாரிடமும் அதையே சொன்னேன். அன்று சாயங்காலம் சர்ச்சில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். தலைவருக்குத் தொண்டை கட்ட வேண்டும் என்பதுதான் வேண்டுதல்.

3. ஐந்தாவது நிமிடம்

தொண்டை கட்டவில்லை. சங்கம் எப்படித் தொடங்கியது என்பதிலிருந்து ஆரம்பித்தார். நான்கு நிமிடம் முடிந்ததும் வசந்தி மேடம் அவர் பக்கம் திரும்பினார்.

"சார், சங்க வரலாறு எல்லார் கையிலயும் இருக்கிற மலர்ல இருக்கு. உங்க மெம்பர்ஸ் கேள்விய நீங்களே அதிகாரிகிட்ட கேளுங்க."

"கேக்கறேன்மா. அதுக்கு முன்னாடி ரெண்டே விஷயம்" என்றார் தலைவர். முதல் விஷயமே ஒரு நிமிடம் ஓடியது.

மேடம் என்னைப் பார்த்துக் கையைக் கீழே இறக்கிக் காட்டினார். மிக்ஸரில் தலைவருடைய மைக்கின் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடர் என் விரலுக்கு அடியில் இருந்தது. இறக்காவிட்டால் போன வருடம் மாதிரியே ஆகும், வேலை போகும். இறக்கினால் என் பொய் வெளியே வரும், அப்போதும் வேலை போகும். எப்படியும் போகிற வேலை. மெதுவாக இறக்கினேன்.

தலைவர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். தட்டிய சத்தம் ஸ்பீக்கரில் வரவில்லை. முனிராஜு தன் மைக்கை இழுத்துக்கொண்டார். "ரேட்டு தெரிஞ்சுக்கத்தானே வந்தோம்? நானே கேக்கறேன். ஒரு லோடுக்கு எவ்வளவு வாங்கலாம்? சொல்லிட்டா நானும் திட்டு வாங்காம லாரி ஓட்டுவேன்."

அதிகாரி நழுவப் பார்த்தார். ரேட்டைத் தனியாக முடிவு பண்ணத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். மேடம் அவரையும் விடவில்லை. "யாருக்கு இருக்குன்னு சொல்லுங்க சார். எப்ப வரும்னும் சொல்லுங்க." கடைசியில், மாத முடிவுக்குள் ரேட் பட்டியலை வார்டு ஆபீசில் ஒட்ட வைப்பதாக ஒப்புக்கொண்டார். கீழே எல்லோரும் அதை எழுதிக்கொண்டார்கள். பன்னிரண்டு நாற்பத்து நான்குக்குக் கூட்டம் முடிந்தது. சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னால்.

4. ஜாமூன் வரிசை

தலைவர் தட்டோடு வந்தார். "அந்த அம்மாவுக்கு யாரப்பா பர்மிஷன் கொடுத்தது?"

"நீங்கதான் சார். கையெழுத்துப் போட்டீங்கன்னு சேவியர் சொன்னானே" என்றார் ரமேஷ் சார்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பேப்பரை எடுத்துக் கொடுத்தேன். தலைவர் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதாகப் படித்தார்.

"இதக் காட்டிருந்தா போட்டிருப்பேனே. போன வருஷம் மெம்பருங்க என்னத் திட்டினது எனக்குத் தெரியாதா? நாலு நிமிஷம்னு தெரிஞ்சிருந்தா நாலு நிமிஷத்துக்கு எழுதிட்டு வந்திருப்பேன். சொல்லாம கொள்ளாம சபையில மைக்கப் புடுங்கிட்டீங்க." பேப்பரை மடித்து என் பையிலேயே வைத்தார். "அடுத்த வருஷமும் அந்த அம்மாவையே கூப்பிடு. ஆனா இந்த வருஷ மாடரேட்டர் பாக்கிய நான் தரமாட்டேன்."

ரமேஷ் சார் கணக்குப் போட அதிக நேரம் எடுக்கவில்லை. "காண்ட்ராக்ட் தப்பிச்சுது, நீயும் தப்பிச்ச. பாக்கி இருபதாயிரம் உன் தலையில."

வசந்தி மேடத்திடம் உண்மையைச் சொன்னேன்.

"அவர் ஒத்துக்கிட்டார்ங்கற தைரியத்துலதான் நான் கைய இறக்கினேன் சேவியர். ஒரு பெரிய மனுஷர நூறு பேர் முன்னால என்னை அவமானப்படுத்த வச்சிட்டீங்க."

"மன்னிச்சுக்குங்க மேடம்."

"மன்னிச்சுட்டேன். பணத்த விடமாட்டேன். மாசம் எவ்வளவு முடியும்?"

"ரெண்டாயிரம்."

"ஒண்ணாம் தேதி அனுப்பிடுங்க."

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நிபந்தனை யாரைக் குத்துமோ அவருக்குத்தான் அதை முதலில் காட்ட வேண்டும். முக்கால்வாசிப் பேர் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள். சிலர் படித்துவிட்டுத் திட்டுவார்கள். அறைக்குள் வாங்கும் திட்டுக்குச் செலவில்லை. இப்போது ஃபீஸ் பேசுவதற்கு முன்பே அந்தப் பக்கத்தை நீட்டிவிடுகிறேன். பயம் நிற்கவில்லை, பயந்துகொண்டே நீட்டுகிறேன்.

வசந்தி மேடத்துக்கு ஏழு மாதம் கட்டிவிட்டேன். இன்னும் ஆறாயிரம் ரூபாய் பாக்கி.