சர்க்கரை போடாத சீசா

என் கணவர் இறந்த பிறகும் மாதம் ஒருமுறை அவருக்கு நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பதைச் சொல்லவில்லை. அதைச் சொந்தக்கார ஆண்கள் பார்த்துக்கொண்டார்கள், என்னைக் கிட்டத்தில் விடவில்லை. நான் ஊற்றியது மும்பையில், செம்பூரில், ஏசி அறையில், கையுறை மாட்டிக்கொண்டு, கட்டைவிரல் உயரமுள்ள கண்ணாடிச் சீசா ஒன்றுக்குள்.

விளக்கிச் சொல்லாவிட்டால் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைப்பீர்கள். தாராவியில் எங்கள் சந்தில் சிலர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

நான் வேலை பார்ப்பது ஒரு சின்னக் கம்பெனியில். உங்கள் ரத்தத்தைப் பரிசோதிக்கும் இயந்திரம் ஒழுங்காகத்தான் சொல்கிறதா என்று தெரிய வேண்டாமா? அதற்கு, அதிலுள்ள பொருட்களின் அளவு முன்பே தெரிந்த ரத்தநீர், அதாவது சீரம், ஒன்றைக் காலையில் முதலில் அதில் ஓட்டிப் பார்ப்பார்கள். அந்த ரத்தநீரை உலர்த்தித் தூளாக்கி, சீசாவில் அடைத்து விற்பதுதான் எங்கள் பிழைப்பு. வாங்குகிறவர் தண்ணீர் ஊற்றினால் பழையபடி ரத்தநீராகிவிடும்.

உலர்த்துவதில்தான் கஷ்டமே இருக்கிறது. ரத்தத்தில் இருக்கும் புரதம் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட விதமாக மடிந்திருக்கும். அந்த மடிப்பு இருந்தால்தான் அது வேலை செய்யும். மடிப்பைச் சுற்றி நின்று தாங்குவது தண்ணீர். உறையவைத்துத் தண்ணீரை உறிஞ்சி எடுத்தால் புரதம் நிலைகுலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பழைய உருவம் வராது. அதனால் முன்கூட்டியே ஒரு சர்க்கரையைக் கலந்துவிடுவோம். ட்ரெஹலோஸ் என்று பெயர். தண்ணீர் வெளியேற வெளியேற இது அந்த இடங்களில் போய் நின்றுகொள்ளும். லோக்கல் ரயிலில் இறங்கப் போகிறவரிடம் சொல்லிவைத்து, அவர் எழுந்ததும் உட்காருகிறோமே, அது மாதிரி. கடைசியில் சர்க்கரை கண்ணாடி போல இறுகி, புரதத்தை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். பாவ் ரொட்டி சுடுகிறவர்கள் வெதுவெதுப்பான தண்ணீரில் போடும் ஈஸ்ட் காய்ந்த தூளிலிருந்து பொங்கி எழுவதும் இதே சர்க்கரையின் தயவில்தான்.

புதிய கலவை ஒன்றைச் சோதித்துப் பார்க்க, ஆரோக்கியமான ஒரே ஆளின் ரத்தம் தேவைப்பட்டது. என் கணவர் என்னை அழைத்துப்போக ஸ்கூட்டரில் வந்திருந்தார். தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறை வைத்திருந்தவர், நல்ல திடகாத்திரம். எங்கள் மேலதிகாரி, மாட்டுங்காவில் குடியிருக்கும் பாலக்காட்டுக்காரர், தயங்கித் தயங்கித்தான் கேட்டார். இவர் உடனே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டார்.

"எம் ரத்தத்துல சக்கரை கலக்கப் போறியளா? அரே, எங்கம்மாகிட்ட இருக்க சக்கரை பத்தாதாக்கும்!" என்று சிரித்தார். கம்பெனி டாக்டர் ஊசி குத்தும்போதுகூட அந்தச் சிரிப்பு நிற்கவில்லை.

அந்த ரத்தநீரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் சர்க்கரை கலந்தும் மறுபாதியில் கலக்காமலும் பல சீசாக்களில் உலர்த்தினோம். சர்க்கரை போட்டது சீசாவின் அடியில் வெள்ளைவெளேர் என்று வட்டமாக நின்றது. போடாதது சுருங்கி, ஓரம் விட்டுப்போய்க் கிடந்தது. மாதம் ஒரு சீசாவைத் திறந்து, தண்ணீர் ஊற்றி, எவ்வளவு தாக்குப்பிடித்திருக்கிறது என்று பார்ப்பது என் பொறுப்பு.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். பட்டறையில் தோல் வெட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். சயான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எரித்துச் சாம்பலைக் கரைத்தோம். சாமானியத்தில் அழுகிறவள் இல்லை நான். அன்றைக்கு அழுது தொண்டை கட்டிப்போனது.

வேலைக்குத் திரும்பியபோது மாதாந்திரச் சோதனை காத்திருந்தது. சர்க்கரை போட்ட சீசாவைத் திறந்து தண்ணீரை விட்டேன். வெள்ளை வட்டம் ஓரத்திலிருந்து நனைந்து, உள்வாங்கி, சத்தமில்லாமல் கரைந்தது. தெளிந்த இளமஞ்சளில் ரத்தநீர். உடம்பிலிருந்து அன்றுதான் எடுத்த மாதிரி இருந்தது. அதில் ஒரு சொட்டை நிறமில்லாத கரைசல் ஒன்றில் விட்டால், அவருடைய ஈரலிலிருந்து வந்த ஒரு நொதி அதை மஞ்சளாக்க வேண்டும். மஞ்சளாக்கியது. அவர் உயிரோடு இருந்தபோது எந்த வேகமோ அதே வேகத்தில். ஆளை எரித்தாயிற்று, ஈரலை எரித்தாயிற்று, இது மட்டும் சொன்ன வேலையைச் செய்துகொண்டிருந்தது. இன்னொரு சொட்டு விட்டுப் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதைச் சொல்ல வெட்கப்படவில்லை.

பிறகு மாதா மாதம் அந்த நாளுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். நல்ல சேலையாகக்கூடப் பார்த்துக் கட்டிக்கொண்டு போவேன்.

வீட்டில் நானும் என் மாமியாரும்தான். அத்தை என்று கூப்பிடுவேன். மகன் போன பிறகு அத்தை அதிகம் பேசுவதில்லை. திடீரென்று ஒருநாள் மதியம், வீட்டுக்குக் கீழேயுள்ள பட்டறையில் மெஷின்கள் சாப்பாட்டுக்கு நின்றிருந்த நேரம், வாசலைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"யாரு அத்த?"

"அவந்தான். வந்து நிக்கான். தண்ணி கேக்கான்."

வாசலில் யாரும் இல்லை. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. வயசானவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், எதையாவது பார்ப்பார்கள் என்று விட்டுவிட்டேன். அத்தை அன்றிலிருந்து வாசலில் ஒரு செம்பு தண்ணீர் வைத்தார். எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர் வருவது காலையில் கொஞ்ச நேரம்தான். அதை டிரம்மில் பிடித்துவைத்துச் சிக்கனம் பார்க்கிற வீட்டில் தினமும் ஒரு செம்பு வீணானது. கேட்டால், செம்பைத் தொடவே மாட்டேன் என்கிறான், வெறுமனே நிற்கிறான் என்பார்.

ஆனால் சில நாட்களில் மட்டும், நான் வேலையிலிருந்து வரும்போதே அத்தையின் முகம் தெளிந்திருக்கும். "இன்னைக்குக் குடிச்சிட்டான் பிள்ள. வயிறாரக் குடிச்சிட்டுப் போயிட்டான்."

அது நான் சீசாவில் தண்ணீர் ஊற்றும் நாளாக இருந்தது. முதலில் கவனிக்கவில்லை. கவனித்த பிறகு, மாதத்தின் முதல் திங்கட்கிழமையென்றால் எனக்குச் சோதனை என்று அத்தைக்குத் தெரிந்திருக்கும், என் முகத்தில் தெரிந்திருக்கும், அந்தச் சேலையே காட்டிக்கொடுத்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு மாதம் இயந்திரம் பழுதாகிவிட்டது. சோதனையை வியாழனுக்கு மாற்றினார்கள். வீட்டில் மூச்சுவிடவில்லை, பழைய சேலையில்தான் போனேன். சாயங்காலம் படியேறும்போதே உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது.

"இந்த மாசம் ரொம்பக் காக்க வச்சிட்டாளேன்னு சொன்னான். இப்பத்தான் குடிச்சிட்டுப் போறான். செம்பப் பாரு."

செம்பில் பாதித் தண்ணீர் இல்லை. பூனை குடித்திருக்கலாம். எங்கள் சந்தில் பூனைக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் காக்க வைத்தது யார் என்று அத்தையிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் ரத்தம் கொடுத்தது, உலர்த்தியது, நான் தண்ணீர் ஊற்றுவது. அத்தை முதலில் கேட்டது இதுதான்.

"அதுல அவன் உசுரு இருக்கா?"

"உசுரு எப்படி இருக்கும் அத்த? உருவம் மட்டும் கலையாம இருக்கு. சக்கரை பிடிச்சு வச்சிருக்கு, அவ்வளவுதான்."

"உருவம் இருந்தா உசுரு தேடி வரத்தான செய்யும்?" என்றார். பிறகு குரல் உடைந்தது. "அப்ப எம்புள்ளைய பாதியத்தான் எரிச்சியளா? மிச்சத்த காயப்போட்டு வச்சிருக்கியளா? அதான் நாக்கு வறண்டு நிக்கான்."

அதிலிருந்து அத்தை தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். கெஞ்சினால் உதட்டை நனைத்துக்கொள்வார். அவன் தவித்து நிற்கும்போது தனக்கு எதற்குத் தண்ணீர் என்பதுதான் பேச்சு. சித்திரை வெயில், தகர மேற்கூரை, சர்க்கரை வியாதிக்காரர். ஒருநாள் மயங்கி விழுந்தார். கிளினிக்கில் சலைன் ஏற்றிய டாக்டர், தண்ணீர் குடிக்காமல் இப்படியே விட்டால் சிறுநீரகம் போய்விடும், பிறகு ஆளும் தேறமாட்டார் என்று இந்தியில் என்னைத் திட்டினார். பெட்டில் படுத்தபடி அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அவன கொண்டு வந்து கடல்ல விட்டுரு. விட்டாத்தான் எனக்குத் தொண்டைல தண்ணி எறங்கும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. மாதத்தில் ஒரு காலை, அதுவும் வேண்டாமா எனக்கு? ஆனால் அந்தக் கை சருகு மாதிரி இருந்தது. மேலதிகாரியிடம் போய்ச் சீசாக்களைக் கேட்டேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "ஷுகர் போட்டதெல்லாம் ட்ரயல்லே இருக்கே. ஒண்ணு கொறைஞ்சாலும் நான் பதில் சொல்லியாகணும். போடாதது வேணும்னா மிச்சத்தை எல்லாம் எடுத்துண்டு போ. அதோட ரிசல்ட் எப்பவோ முடிஞ்சுடுத்து. தூரத்தான் போடறதா இருந்தேன்."

எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அதுவும் அவர் ரத்தம்தானே. சர்க்கரை போட்டது அங்கேயே இருக்கும். எனக்கு என் திங்கட்கிழமை இருக்கும். அத்தைக்கு வித்தியாசம் என்ன தெரியப் போகிறது என்று நினைத்தேன்.

மாஹிம் கடற்கரைக்கு ஆட்டோவில் போனோம். காலை வேளை, தண்ணீர் உள்வாங்கி, சேற்றுக்கு நடுவே பிளாஸ்டிக் பைகள் கிடந்தன. சீசா ஒன்றைத் திறந்து அலையில் கொட்டப் போனேன். அத்தை தடுத்தார்.

"மொதல்ல குடிக்கட்டும்."

வீட்டிலிருந்து செம்பில் கொண்டு வந்திருந்த தண்ணீரைத் தன் கையாலேயே சொட்டுச் சொட்டாக ஊற்றினார். நான் குனிந்து பார்த்தேன். கரையவில்லை. சுருங்கிக் கிடந்தது அப்படியே மிதந்தது, பிறகு துணுக்குத் துணுக்காக உடைந்தது. சீசா முழுக்கக் கலங்கல். அத்தை அதை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஆட்டிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் ஊற்றினார். கலங்கல்தான்.

ஏமாற்றிவிட்டாயே என்று கேட்கப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். அத்தை மண்ணில் உட்கார்ந்தார்.

"தண்ணி கொடுத்தும் எந்திரிக்கலியே பிள்ள," என்றார். "செத்துட்டான். எம்புள்ள நெசமாவே செத்துட்டான்."

மகன் இறந்த நாளில்கூட அத்தை அப்படி அழவில்லை. அழுது முடித்து, சீசாக்களை ஒவ்வொன்றாகத் தானே கடலில் கவிழ்த்தார். செம்பில் மிச்சமிருந்த தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். வாசலில் செம்பு வைப்பதும் அன்றோடு நின்றது. இப்போது சொல்பேச்சு கேட்டு மருந்து சாப்பிடுகிறார், உடம்பு தேறியிருக்கிறது. மகன் வந்தானா என்று நானாகக் கேட்டால், "செத்தவன் எப்படி வருவான்?" என்று என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.

சோதனைகள் போன மாதத்தோடு முடிந்தன. கலவை தேறிவிட்டது, மிச்சத்தை அழித்துவிடலாம் என்று உத்தரவு. சர்க்கரை போட்டதில் கடைசியாக ஒரே ஒரு சீசா இருந்தது. அதை வீட்டுக்கு எடுத்து வந்தேன். மேலதிகாரி அந்தப் பக்கம் திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபிரிட்ஜில், அத்தையின் இன்சுலினுக்குப் பக்கத்தில் அது இருக்கிறது. வெள்ளை வட்டம் கொஞ்சமும் குலையவில்லை.

இந்த ஞாயிறு மதியம் அத்தை தூங்கிக்கொண்டிருந்தார். கீழே மெஷின்கள் நின்றன. வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது, இடது செருப்பை முதலில் உதறும் என் கணவரின் அந்தப் பழக்கம் எனக்குத் தெரியும். பிறகு வறண்ட தொண்டையில் மெதுவாக, "ஏ பிள்ள, தண்ணி" என்றார்.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்தேன். ஒரு கையில் சீசா, ஒரு கையில் தண்ணீர். ஊற்றினால் அவர் குடித்துவிட்டுப் போய்விடுவார், அடுத்த முறை கொடுக்க என்னிடம் ஒன்றும் இருக்காது. சீசாவைத் திறக்காமல், தோளால் ஃபிரிட்ஜைச் சாத்திவிட்டு, அவர் கேட்டுக்கொண்டே இருக்க, நான் அங்கேயே நின்றேன்.