சரக்குப் பரிசோதனையில் தேறிய இரண்டு புத்தகங்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் கோவையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். என் மனைவி கணபதியில் ஒரு பம்ப்செட் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். வந்த உதிரிபாகங்களை எண்ணி இறக்குவது, ராக்கில் அடுக்குவது, கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவள் கையெழுத்தில் நடந்தன. பொங்கல் முடிந்த வாரத்தில் அவளுடைய முதலாளிக்கு ஓர் எண்ணம் தோன்றியது. எந்தப் பம்புக்கு எந்தப் பாகம், அது கையிருப்பில் இருக்கிறதா என்பதை டீலர்கள் அவரவர் ஊரில் இருந்தபடியே இன்டர்நெட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். மாசிக் கடைசியில் டீலர்கள் கூட்டம். அதற்குள் தயாராக வேண்டும்.

"வெளிய ஒரு கம்பெனிக்காரங்களைக் கேட்டு வெச்சிருக்கறேன் அம்மணி. அவங்ககிட்ட உட்டுரட்டுமா?" என்று கேட்டாராம்.

"நானே செய்யறனுங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அவளுக்கு வெப் புரோகிராமிங் தெரியாது. கணினியில் ஒரு பழைய மென்பொருளில் பாகங்களின் பட்டியலைத் தட்டி வைத்திருந்தாள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பட்டியல் அவளுடையது. எட்டு ஆண்டுகளாக ஒவ்வொரு பாகத்துக்கும் எண் கொடுத்தவள் அவள். வெளியாட்கள் வந்தால் அவள் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பட்டியலை வாசித்துக் காட்டுகிறவள் ஆகிவிடுவாள். இதை அவள் என்னிடம் ஒரே வாக்கியத்தில் சொன்னாள். "நான் வளத்த பட்டியலை இன்னொருத்தர் கையில குடுத்துப்போட்டு நிக்க முடியாதுங்க."

எட்டு வாரம் இருந்தது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. கம்ப்யூட்டர் சென்டர்களில் முழுப் பாடத்திட்டம் ஆறு மாதம். ஆகவே புத்தகம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவளை மொபெட்டில் ஆர்.எஸ்.புரத்துக்கு அழைத்துப் போனேன். பட்டுக்கடைகளுக்குப் பின்னால் ஒரு குறுக்குத் தெருவில் கணினிப் புத்தகங்கள் மட்டும் விற்கும் கடை ஒன்று இருந்தது. அப்போது அந்த வகைப் புத்தகங்கள் செங்கல் கனத்தில் வந்துகொண்டிருந்தன. இத்தனை நாளில் கற்றுக்கொள்ளலாம் என்று அட்டையிலேயே நாள் கணக்குப் போட்டிருக்கும். பின்னட்டையில் உறை ஒட்டி ஒரு சிடி. நானாக இருந்தால் அட்டையைப் பார்த்து, முன்னுரையைப் பார்த்து, அரை மணியில் ஒன்றை வாங்கிக்கொண்டு காபி குடிக்கப் போயிருப்பேன்.

அவள் கைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தாள். அதில் இரண்டு விஷயங்கள் எழுதியிருந்தன. முதலாவது, அலுவலகக் கணினியில் என்னென்ன மென்பொருள் இருக்கிறது, அவை எத்தனையாவது பதிப்பு என்பது. இரண்டாவது ஒரு கேள்வி: ஒரே புஷ் பதினோரு பம்புக்குப் போகிறது, அதை எப்படி எழுதுவது?

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. புஷ் என்பது பம்பின் தண்டைச் சுற்றி உட்காரும் சிறு உலோக வளையம். பழைய பட்டியலில் அதைப் பதினோரு இடத்தில் எழுதியிருந்தாள். ஒருமுறை அதன் அளவு மாறியபோது ஒன்பது இடத்தில் திருத்திவிட்டு இரண்டை விட்டுவிட்டாள். இரண்டு ஊர்களுக்குத் தவறான புஷ் போய்ச் சேர்ந்தது. அதை அவள் மறக்கவில்லை.

தொழிற்சாலைக்கு வார்ப்புகள் வந்து இறங்கும்போது அவள் எல்லாவற்றையும் சோதிப்பதில்லை. பெட்டியின் மேலடுக்கை விட்டுவிட்டு அடியிலிருந்து ஐந்தை எடுத்து, கேஜ் வைத்து அளப்பாள். மேலே இருப்பதை அனுப்பியவர்கள் பார்த்து அடுக்கியிருப்பார்கள் என்பது அவள் எண்ணம். புத்தகத்தையும் அப்படித்தான் செய்தாள். முதல் அத்தியாயத்தைத் தொடவே இல்லை. நடுவில் பிரித்தாள். பிறகு கடைசியில் இருக்கும் சொல்லடைவைப் பார்த்து, அதில் போட்ட பக்க எண்ணில் அந்தச் சங்கதி உண்மையிலேயே இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தாள். பிறகு தன் புஷ் கேள்விக்குப் பதில் தேடினாள். ஒரு புத்தகத்துக்குப் பத்து நிமிடம் ஆனது.

பதினொன்றரைக்குக் கடைக்காரர் எழுந்து வந்தார்.

"ஏனுங்க அம்மணி, எல்லாத்தையும் இங்கயே படிச்சு முடிச்சுப்போட்டுத்தான் போவீங்களாட்ட?"

"படிக்கலீங்க, செக்கிங் பண்றனுங்க."

"செக்கிங்குங்களா! இது வேணா பாருங்க. நெம்ப ஓடற புஸ்தகம். சிடி இருக்குது, எல்லாமே அதுக்குள்ள இருக்குது."

"எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல சிடி போடற வசதியே இல்லீங்க. எல்லாம் அதுக்குள்ள இருந்தா புஸ்தகத்துக்குள்ள என்னங்க இருக்குது?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன்.

"அதுவுமில்லீங்க" என்று அவள் தொடர்ந்தாள். "இதுல எல்லாப் பக்கத்துலயும் புரோகிராம் நல்லா ஓடுது. ஓடலீன்னா திரையில என்ன வரும், அப்ப என்ன செய்யோணும்னு ஒரு வரி இல்லை. கேரண்டி கார்டு இல்லாத மோட்டாராட்ட இருக்குது."

அதன் பிறகு அவர் எதையும் சிபாரிசு செய்யவில்லை. ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

மேல் தட்டின் ஓரத்தில், கனத்த புத்தகங்களுக்கு நடுவே மெலிதாக ஒன்று செருகியிருந்தது. டேட்டாபேஸ் பற்றியது. மங்கிய அட்டை, சிடி கிடையாது, படங்களும் அதிகம் இல்லை. அதை அவள் நடுவில் பிரித்து மூன்று பக்கம் படித்தாள். பிறகு சீட்டைத் திருப்பிப் பென்சிலால் மூன்று கட்டங்கள் போட்டாள்.

அந்தப் புத்தகத்தின் உதாரணம் ஒரு நூலகம். ஒரு நூலைப் பல பேர் சேர்ந்து எழுதியிருக்கலாம். ஒருவரே பல நூல்கள் எழுதியிருக்கலாம். நூல்களுக்கு ஓர் அட்டவணை, எழுதியவர்களுக்கு ஓர் அட்டவணை, யார் எதை எழுதினார் என்பதற்கு மட்டும் நடுவில் மூன்றாவது அட்டவணை. அவள் நூலை அடித்துவிட்டுப் பம்ப் என்று எழுதினாள். எழுதியவரை அடித்துவிட்டுப் புஷ் என்று எழுதினாள்.

"பாருங்க" என்று சீட்டை என் பக்கம் நீட்டினாள். "புஷ்ஷை ஒரே ஒரு எடத்துல எழுதுனா போதுமுங்க. அளவு மாறுனா ஒரே ஒரு எடத்துல திருத்துனா போதும்."

பத்திரிகையில் பதினைந்து ஆண்டுகள் கழித்தவன் நான். ஒரு புத்தகத்தை ஒருவர் அவ்வளவு நேராகப் பயன்படுத்தி அதற்கு முன் பார்த்ததில்லை. நாங்கள் புத்தகம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அவள் கேள்வியைக் கொண்டுபோய், அதற்குப் புத்தகம் பதில் சொல்கிறதா என்று பார்த்தாள்.

வெப் புரோகிராமிங்குக்கு அன்று எதுவும் தேறவில்லை. அடுத்து வரும் சரக்கைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அந்த ஒன்றை மட்டும் வாங்கினாள். இரண்டு வாரத்தில் அட்டவணைகள் தயாராகிவிட்டன. பாகங்கள், பம்புகள், நடுவில் இணைப்பு. ஆனால் அவை அலுவலகக் கணினிக்குள் இருந்தன. அவற்றை வெப் பக்கமாகக் காட்ட வழி தெரியவில்லை.

அப்போதுதான் நான் உதவினேன்.

எங்கள் அலுவலகத்துக்கு மதிப்புரைக்கென்று புத்தகங்கள் தபாலில் வரும். அந்த வாரம் வெப் புரோகிராமிங் பற்றி ஒன்று வந்தது. புத்தம் புதிய பதிப்பு, வழவழப்பான தாள், எண்ணூறு பக்கத்துக்கு மேல். மதிப்புரை எழுத ஆள் இல்லாமல் அலமாரியில் கிடந்தது. ஆசிரியரிடம் கேட்டு எடுத்துக்கொண்டேன். வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவள் முகம் மலர்ந்தது. பிரித்துப் பார்க்காமல் நேராகப் பைக்குள் வைத்தாள். அதை அப்போது நான் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

அடுத்த இரண்டு வாரம் எதுவும் ஓடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகக் கணினியில் உட்கார்ந்து, புத்தகத்தில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து தட்டிப் பார்ப்பாள். திரை வெறுமையாக நிற்கும். மறுபடியும் முதலிலிருந்து தட்டுவாள். வீட்டுக்கு வந்தால் பேச்சு குறைந்தது. "எனக்குத்தான் மண்டையில ஏற மாட்டேங்குதாட்ட" என்று ஒருநாள் சொன்னாள். முதலாளி வெளிக் கம்பெனிக்காரருக்குப் போன் செய்து, எதற்கும் கூட்டத்துக்கு முந்தின நாள் வந்து பாருங்கள் என்று சொல்லியிருந்தார். அதையும் அவளேதான் சொன்னாள், குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் கேட்டேன். "கடையில பண்ணுன செக்கிங்கை இதுக்குப் பண்ணலையா?"

அவள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நீங்க கொண்டாந்தது இல்லீங்களா" என்றாள்.

அவர்கள் ஸ்டோர்ஸில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சரக்கு வந்தாலும் பரிசோதனை உண்டு. முதலாளி தன் கையாலேயே கொண்டுவந்து வைக்கும் சரக்குக்கு மட்டும் கிடையாது. அது நேராக ராக்குக்குப் போகும். யாரும் விதியாக எழுதி வைக்கவில்லை. கேஜ் வைத்துப் பார்த்தால் அவரையே சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். எட்டு ஆண்டுகள் அப்படி நடந்த கை, வீட்டிலும் அப்படியே நடந்திருக்கிறது.

"நான் முன்னுரையையும் பின்னட்டையையும் மட்டும்தான் படிச்சேன்" என்று ஒப்புக்கொண்டேன். "மதிப்புரைக்காரங்க பாதிப்பேர் அப்படித்தான்."

அவள் சிரித்தாள். இரண்டு வாரத்தில் முதல் சிரிப்பு. பிறகு துண்டுச் சீட்டை எடுத்துவந்து, புத்தகத்தை நடுவில் பிரித்தாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் புத்தகம் முழுக்க, அவர்கள் கணினியில் இருந்ததைவிட இரண்டு பதிப்பு புதிய மென்பொருளுக்காக எழுதப்பட்டிருந்தது. அதில் உள்ள கட்டளைகளில் பாதி அந்தப் பழைய இயந்திரத்துக்குத் தெரியாது. அவள் மண்டையில் எந்தக் குறையும் இல்லை.

"புஸ்தகம் நல்ல புஸ்தகம்தானுங்க" என்றாள். "ரெண்டு வருசம் கழிச்சு நமக்கு ஆகும். இப்ப ரிட்டன் போட்டுருங்க."

ரிட்டன் போட்டேன். அலமாரியில் திருப்பி வைத்ததோடு, அந்த வாரமே நானே அதற்கு மதிப்புரையும் எழுதினேன். எந்தப் பதிப்பு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு இது பயன்படும், யாருக்குப் பயன்படாது என்பதை முதல் பத்தியிலேயே வைத்தேன். கணினிப் புத்தகம் பற்றி நான் எழுதியதில் உருப்படியான வரி அதுதான். அதுவும் அவளுடையது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே மறுபடியும் ஆர்.எஸ்.புரம் போனோம். கடைக்காரர் அவளைப் பார்த்ததும் ஸ்டூலை எடுத்தார்.

"புதுசு வேண்டாமுங்க. இந்தப் பதிப்புக்கு எழுதுன பழசு இருக்குதுங்களா?" என்று சீட்டைக் காட்டினாள்.

"எல்லாரும் புதுசு கேக்கறாங்க, நீங்க ஒருத்தர்தான் பழசு கேக்கறீங்க. சித்த இருங்க அம்மணி." உள்ளே போய், பதிப்பாளருக்குத் திருப்பி அனுப்பக் கட்டி வைத்திருந்த கட்டு ஒன்றைப் பிரித்தார். அதிலிருந்து மூன்று புத்தகங்களை எடுத்துத் தூசி தட்டி வைத்தார். அவள் மூன்றையும் சோதித்தாள். இரண்டாவது தேறியது.

நான்கு வாரம் மீதி இருந்தது. முதல் வாரத்திலேயே திரையில் ஒரு பம்பின் பெயர் வந்தது என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். அதன்பின் ஒவ்வொரு நாளும் ஒரு பம்ப்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு முதலாளி பார்க்க உட்கார்ந்தார். காலையில் அவளை இறக்கிவிடப் போன என்னை, டீ சாப்பிட்டுப் போங்க என்று உட்காரவைத்துவிட்டார்கள். உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு டீலரும் வேறு வேலையாக வந்திருந்தார். ஒரு கணினியில் பட்டியல், கம்பி இழுத்து இணைத்த மற்றொன்றில் வெப் பக்கம். டீலர் ஒரு பழைய மாடல் பம்பின் சுழல்தண்டான சாஃப்டைக் கேட்டார். அவள் தட்டினாள். ராக் எண், கையிருப்பு ஆறு என்று வந்தது.

"ஆறா? அதெல்லாம் நிறுத்திப் பல வருசமாச்சுங்களே. எனக்கே கெடைக்கலை" என்றார் டீலர்.

முதலாளி எழுந்து, தானே ஸ்டோர்ஸுக்குள் போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் கிரீஸ் இருந்தது.

"ஆறு இருக்குது" என்றார். பிறகு அவளிடம், "செரி அம்மணி, பட்டியல் உங்ககிட்டயே இருக்கட்டும். வெளிக் கம்பெனிக்காரரை நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிப்போடறேன்" என்றார்.

"வரச் சொல்லுங்க சார்" என்றாள் அவள், பையிலிருந்து ஒரு தாளை எடுத்தபடி. "ரெண்டு புஸ்தகத்துலயும் பதில் கெடைக்காத சந்தேகம் ஏழு இருக்குது. அவருகிட்டக் கேட்டுக்கறேன்."

மறுநாள் அவர் வந்தார். நான்கு சந்தேகங்களுக்குப் பதில் சொன்னார். மற்ற மூன்றையும் தன் டைரியில் எழுதிக்கொண்டு போனார்.