இடப்பக்கக் கதவு

எங்கள் பழைய காரில் ஒரு கீறல்கூட இருந்ததில்லை என்று அப்பா இன்றைக்கும் சொல்லுவார். காரை விற்றுப் பல வருஷங்கள் ஆகிவிட்டன, பெருமையை மட்டும் அவர் விற்கவில்லை. உண்மையில் ஒரு கீறல் இருந்தது. அது வந்ததையும் போனதையும் பக்கத்திலேயே நின்று பார்த்தவள் நான். பார்த்தேனே தவிர, என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மலேசியாவில், சுங்கை வேயில் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அப்பாவுக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை. மோட்டார் சைக்கிளிலேயே போய்விடுவார். வெள்ளி நிறக் கார் வாரம் முழுக்க வாசல் கூரைக்குக் கீழே தூங்கும், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் எழுந்துகொள்ளும்.

அம்மாவுக்கு சுபாங் ஜெயாவில் ஒரு தாடிக்காவில், அதாவது பாலர் பள்ளியில், வேலை கிடைத்திருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு உதவி ஆசிரியை. அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும். சுபாங் ஜெயா பக்கம்தான், ஆனால் கார் இருப்பவர்களுக்குத்தான் பக்கம். இரண்டு பஸ் மாறி, பிள்ளைகள் வருவதற்கு முன்னால் போய்ச் சேர முடியாது. அதற்காகவே அம்மா லைசென்ஸ் எடுத்தார். மேட்டில் காரை நிறுத்தி எடுக்கும் சோதனையில் தோற்று, அழுது, மறுபடி போய்த் தேறினார். நேர்காணலுக்குப் போன இடத்தில் எல்லாரும் தன்னை ‘டீச்சர்’ என்று கூப்பிட்டதாகச் சாப்பிடும்போது சொன்னார். மறுநாளும் சொன்னார்.

“டீச்சர், அந்த கிச்சாப் பாட்டில கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க” என்றார் அப்பா. எல்லாரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தார்.

புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்கள் காரில் ‘பி’ ஸ்டிக்கர் ஒட்டித்தான் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் சம்மன். சிவப்புச் சதுரத்தில் வெள்ளை எழுத்து. அம்மா இரண்டு வாங்கி வந்து, முன் கண்ணாடியில் ஒன்று, பின் கண்ணாடியில் ஒன்று ஒட்டினார். உள்ளே காற்று நிற்காமல் பேங்க் கார்டால் தேய்த்துத் தேய்த்து ஒட்டியதில் அது கண்ணாடியோடு பிறந்ததுபோல் ஆகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை காலை, என்னைப் பின் இருக்கையில் உட்கார வைத்துக்கொண்டு அம்மா காரை வெளியே எடுத்தார். இடப்பக்கம் கேட்டின் இரும்புக் கொண்டி நீட்டிக்கொண்டிருந்ததை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை. சத்தம் என் பல்லில் கூசியது. இறங்கிப் பார்த்தால், முன் கதவில் கைப்பிடிக்குக் கீழே நீளமாக ஒரு கோடு. பெயிண்ட் கிழிந்து தகரம் தெரிந்தது.

அப்பா வெளியே வந்தார். இன்றைக்கு வீடு இரண்டாகப் போகிறது என்று நினைத்தேன். ஆனால் அவர் கத்தவில்லை. குனிந்து கோட்டின் மேல் நகத்தை ஓட்டினார். நகம் உள்ளே இறங்கியது.

“பரவால்ல விடு. நானே செஞ்சிடறேன். வொர்க்‌ஷாப்ல குடுத்தா கதவு முழுக்க பெயிண்ட் அடிச்சி வச்சிடுவான்.”

“மொத தேதிக்குள்ள ஆயிடுமா?” என்றார் அம்மா.

“ஒரு வாரம் போதும் லா.”

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அப்பாவை அன்று மிகவும் பிடித்திருந்தது.

போனில் வீடியோ பார்த்தே அப்பா எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். காரின் நிற எண்ணைச் சொல்லிக் கடையில் பெயிண்ட் கலந்து வாங்கினார். கீறலைச் சுற்றித் தமிழ்ப் பேப்பரை டேப்பால் ஒட்டி, தண்ணீர் விட்டு சாண்ட் பேப்பரால் தேய்த்தார். தண்ணீர்க் குழாய் என் பொறுப்பு. பள்ளத்தில் பட்டி பூசி, காய்ந்ததும் மறுபடி தேய்த்து, சாம்பல் நிற அடிப்பூச்சு, அதன்மேல் வெள்ளி நிறம், அதற்கும் மேல் பளபளப்புக்கு லாக்கர். லாக்கர் அடித்து முடிப்பதற்குள் சாயங்கால மழை வந்துவிட்டது. ஈரக்காற்று பட்ட இடம் பால் சிந்தினதுபோல் வெளுத்தது. அப்பா பெருமூச்சு விட்டு எல்லாவற்றையும் தேய்த்து எடுத்தார். அந்த மழைக்கு அவர் என்ன செய்வார்.

அடுத்த ஞாயிறு கிள்ளானிலிருந்து அத்தை வந்தார். அப்பா மண்டியிட்டு வேலை செய்வதைப் பார்த்துவிட்டு அம்மாவிடம், “வேற ஆம்பளையா இருந்தா இந்நேரம் ரோடு வரைக்கும் சத்தம் கேட்டிருக்கும். நீ குடுத்து வச்சவ” என்றார். அம்மா தலையாட்டினார். அதைத் தவிர வேறென்ன செய்திருக்க முடியும் என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை.

அன்று மழை வரவில்லை. பெயிண்ட் அழகாகக் காய்ந்தது. நான் கதவில் கன்னத்தை வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தேன், கோடு எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. அம்மா கார் சாவியோடு வெளியே வந்தார்.

“முடிஞ்சிச்சா? நாளைக்கு ஓட்டிப் பாக்கட்டா? மொத தேதி வந்திடுச்சு.”

அப்பா ரோடு வரை பின்னால் போய் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“கலர் ஒட்டல. வெளிச்சத்துல கொஞ்சம் கருப்பா தெரியுது பாரு” என்றார். பிறகு குனிந்து, வாளியிலிருந்த சாண்ட் பேப்பரை எடுத்து, காய்ந்த பெயிண்டின் மேல் தேய்க்க ஆரம்பித்தார்.

நானும் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். எனக்குக் கருப்பாகத் தெரியவில்லை. பெரியவர்களுக்கு நல்ல கண் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அம்மா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த வெள்ளி நிறம் சாம்பல் தண்ணீராக வழிந்து சாக்கடைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தாடிக்காவில் அம்மா சில நாள் தவணை கேட்டார். கொடுத்தார்கள். அப்பாவுக்கு அந்த வாரம் ஓவர்டைம் இருந்தது. அடிப்பூச்சோடு நிற்கும் கதவில் வெயிலும் தண்ணீரும் படக்கூடாது, காரை வெளியே எடுக்கவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் தாடிக்காவிலிருந்து போன் வந்தது. அம்மா சமையலறையில் நின்று, “ஓகே மேடம். பரவால்ல மேடம்” என்று மட்டும் சொன்னார். வேறு ஆள் கிடைத்துவிட்டதாம்.

“போனா போவுது லா. நான் சம்பாரிக்கறேன்ல?” என்றார் அப்பா. அன்பாகத்தான் சொன்னார். அப்பா கெட்டவர் இல்லை, அதனால்தான் இதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது.

அடுத்த நாள் மத்தியானம் அவர் அதே டின்னில் மீதியிருந்த பெயிண்டை எடுத்து, ஒரே தடவையில் அடித்து முடித்தார். அந்த வார இறுதியில் கார் முழுக்கப் பாலிஷ் போட்டார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டார்.

“எங்க இருந்துச்சுன்னு கண்டுபிடி பாப்போம்.”

அம்மா கதவைப் பார்க்கவில்லை. காரின் முன்னால் போய் நின்றார். பிறகு சுற்றிக்கொண்டு பின்னால் போனார். இரண்டு கண்ணாடியும் சுத்தமாக இருந்தன.

“ஸ்டிக்கர் எங்க?”

“பாலிஷ் போட்டேன்ல, அப்படியே அதையும் எடுத்திட்டேன். ஓரமெல்லாம் பிஞ்சி அசிங்கமா இருந்துச்சு. வேணும்னா புதுசு வாங்கிக்கலாம்.”

அம்மா உள்ளே போய்ச் சாவியை மாதா படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். புது ஸ்டிக்கரை யாரும் வாங்கவில்லை. காரை விற்கும்வரை, ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த இடப்பக்கக் கதவைத் திறந்துதான் அம்மா ஏறி உட்கார்ந்தார்.

பாலிஷ் போட்ட அன்று சாயங்காலம், பெயிண்ட் படிந்த பழைய பேப்பர்களுக்கு நடுவே அந்த ‘பி’ ஸ்டிக்கர்களில் ஒன்று எனக்குக் கிடைத்தது. ஓரம் ஒன்றும் பிய்ந்திருக்கவில்லை. அப்பாவின் டேப்பை எடுத்து அதை என் சைக்கிளின் பின்னால் ஒட்டிக்கொண்டு தெருவில் ஓட்டினேன். அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“இங்க வந்து பாரு, ஒம் பொண்ணு லைசென்ஸ் எடுத்திட்டா!”

அம்மா கேட் வரை வந்தார். நான் மணியை அடித்துக்கொண்டே அவரைத் தாண்டிப் போனேன். ஒரு கையை விட்டு அவருக்கு ஆட்டிக் காட்டினேன். அவர் பார்வை என் முகத்தில் இல்லை, சைக்கிளின் பின்னால் இருந்தது. முகம் என்னவோபோல் ஆகி, சட்டென்று உள்ளே திரும்பிவிட்டார்.

கையை விட்டு ஓட்டியதால்தான் அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்தேன். அதனால் அடுத்த சுற்றில் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எதிலும் உரசாமல், மெதுவாக, அவர் பார்க்கட்டும் என்று ஓட்டி வந்தேன். கேட்டருகே யாரும் இல்லை.